முதியோர் குடியிருப்பில் முதலில் ஜன்னலைப் பாருங்க

திருப்பூர் ராயபுரத்தில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. அந்த ஞாயிறுகளில் எங்கள் வீதியிலிருந்து கோயமுத்தூருக்குக் கார் எடுக்கிற குடும்பங்களில் சில, இப்போதெல்லாம் வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர் பக்கம் போகின்றன. வயதானவர்களுக்கென்றே கட்டியிருக்கிற குடியிருப்புகளில் வீடு பார்த்துவரத்தான். கொரோனாவுக்கு முன்னால் இந்தப் பேச்சை வீட்டுக்குள் எடுக்கவே பயப்படுவார்கள். அப்பா அம்மாவை 'ஹோமில்' விட்டவன் என்று பெயர் வந்துவிட்டால் சொந்தபந்தத்தில் ஒரு விசேஷத்துக்குத் தலைகாட்ட முடியாது.

2021 மே மாதம் அதை மாற்றிவிட்டது. மகன் டல்லாஸில், மகள் பெங்களூரில், இங்கே எழுபதைத் தாண்டிய இரண்டு பேர் மட்டும். ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போக, இன்னொருவர் யாருக்குப் போன் செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்ற இரவுகளை இந்த ஊர் பார்த்தது. கூப்பிட்டால் ஓடிவர ஆள் இருக்கிற இடம் வேண்டும் என்ற எண்ணம் அப்போது விழுந்ததுதான்.

என் பெரியம்மாவும் பெரியப்பாவும் கொரோனாவுக்கு முன்பே கோவைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு குடியிருப்புக்குக் குடிபோனவர்கள். அதனால் வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் விசாரித்துவிட்டுப் போவார்கள். சாப்பாடு எப்படிங்க, டாக்டர் உள்ளேயே இருக்காருங்களா, கோயில் இருக்குதா, நாளைக்கு வித்தா விலை போகுமா. எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் ஜன்னல் எத்தனை, எந்தெந்தச் சுவரில் இருக்கிறது, உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியே போகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என்னைக் கேட்டால் முதல் கேள்வி அதுதான். ஏனென்று சொல்கிறேன்.

உலகத்தில் கொரோனா முதியோர் இல்லங்களுக்குள் புகுந்தபோது பல இடங்களில் கட்டடமும் அதற்குக் கைகொடுத்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லாண்ட் என்ற ஊரில் லைஃப் கேர் சென்டர் என்று ஒரு பராமரிப்பு இல்லம். 2020 பிப்ரவரி கடைசியில் அங்கே தொற்று தெரியவந்தது. மார்ச் 18க்குள் அந்த ஒரு இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்கு நோய் உறுதியாகிவிட்டது. அதில் 101 பேர் அங்கே தங்கியிருந்தவர்கள், 50 பேர் பணியாளர்கள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். தங்கியிருந்தவர்களில் தொற்றிய மூன்று பேரில் ஒருவர் இறந்தார்.

கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் 618 இல்லங்களை எடுத்துக்கொண்டு, ஓர் அறையில், ஒரு குளியலறையில் எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். 2020இல் வந்த முதல் அலைக் காலத்துக் கணக்கு அது. நெரிசல் குறைந்த இல்லங்களில் தங்கியிருந்தவர்களில் 4.5 சதவீதம் பேருக்குத் தொற்று. நெரிசல் மிகுந்த இல்லங்களில் 9.7 சதவீதம். இறப்பும் அதே போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்கு கட்டில் போட்ட அறைகளையெல்லாம் இரண்டு கட்டில் அறைகளாக மாற்றியிருந்தால் தொற்றில் ஐந்தில் ஒரு பங்கைத் தவிர்த்திருக்கலாம் என்று கணித்தார்கள். எனக்கு இந்தக் கணக்கு தூக்கத்தைக் கெடுத்தது. நம் பக்கத்தில் அறக்கட்டளைகள் நடத்தும் இலவச இல்லங்களில் நீள ஹால், வரிசையாகக் கட்டில், கடைசியில் பொதுக் கழிப்பறை என்பதுதானே வழக்கம்.

இந்த வைரஸ் காற்றிலே மிதந்து பரவுகிறது என்பதை ஒப்புக்கொள்ள உலகம் நிறைய நாள் எடுத்துக்கொண்டது. 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து உலக சுகாதார அமைப்புக்குப் பகிரங்கமாக எழுத வேண்டியிருந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, நாம் தரையையும் கைப்பிடியையும் துடைத்துக்கொண்டிருந்தோம். திருப்பூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று வைத்தார்கள். உள்ளே நடந்தால் ஆளின் மேல் மருந்து தெளிக்கும். நாடே நம் ஊரைப் பார்த்து அதைச் செய்தது. மனித உடம்பின் மேல் அப்படித் தெளிப்பது பயனில்லாதது, தீங்கும்கூட என்று அந்த மாதமே அரசுகள் நிறுத்தச் சொல்லிவிட்டன. வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். ஆனாலும் அதே மனநிலையை இன்றைக்கும் புதிய குடியிருப்புகளின் விளம்பரத்தில் பார்க்கிறேன். தொடாமல் திறக்கிற குழாய், வாசலில் புற ஊதா விளக்கு, வைரஸ் ஒட்டாத பெயின்ட். காற்றைப் பற்றி ஒரு வரி இருக்காது.

காற்றைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்தது கொஞ்சமில்லை. பெரு நாட்டின் லீமா நகரத்தில் மருத்துவமனை அறைகளில் அளந்து பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று முழுதாக மாறியது. இயந்திரம் வைத்துக் காற்றை இழுக்கும் நவீன அறைகளில் 12 முறை. அதிலும் உயரமான கூரையும் பெரிய ஜன்னலுமாக ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வார்டுகள், புதிதாகக் கட்டியவற்றைவிட நன்றாக மூச்சுவிட்டன. அந்த ஆய்வு காசநோயை மனதில் வைத்துச் செய்தது.

காசநோய் என்றதும் நமக்குத் தூரம் போக வேண்டியதில்லை. பெருந்துறையில் இன்றைக்கும் 'சானடோரியம்' என்று ஒரு நிறுத்தத்தின் பெயர் இருக்கிறது. காசநோய்க்காரர்களை நல்ல காற்றுக்காக அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அதே பெருந்துறை மருத்துவமனைதான் 2020 மார்ச்சிலிருந்து நம் பக்கத்துக் கொரோனா நோயாளிகளைத் தாங்கியது. தாம்பரம் சானடோரியத்தை டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து என்ற மருத்துவர் 1928இல் தொடங்கினார், 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் அவர்களிடம் இருந்தது வெயிலும் வராந்தாவும் இடைவெளியும்தான். கோயமுத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் அந்த ஊரைத் திரும்பத் திரும்ப அடித்தது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. நெரிசலான பழைய டவுனுக்கு வெளியே அகலமான நேர் வீதிகளோடு எழுந்ததுதான் ஆர்.எஸ்.புரம். நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயர் அது. கொள்ளை நோய்க்குப் பிறகு ஊரையே வேறு மாதிரி கட்ட வேண்டும் என்று நினைத்த மனிதர்கள் நமக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இனிப் பெரியம்மா கதைக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத வைத்தது அவர்தான்.

அவர் இருக்கும் வளாகத்தில் இரண்டு விதக் கட்டடம். முதலில் கட்டியது தனித்தனி வரிசை வீடுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சின்னத் திண்ணை, அதன் மேலே ஓட்டுத் தாவாரம், எதிரே ஒரு நடைபாதை, அதற்கப்புறம் எதிர் வரிசை வீட்டுத் திண்ணை. பிறகு இடம் பற்றாமல் அடுக்குமாடியாக ஒரு பிளாக் கட்டினார்கள். நடுவில் இருட்டான நடை, இரண்டு பக்கமும் கதவு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு வெளிச்சுவர்; ஜன்னலெல்லாம் அதில்தான். லிஃப்ட், ஏசி, டைல்ஸ் எல்லாம் பிளாக்கில்தான் நன்றாக இருக்கும். விலையும் அதற்குத்தான் அதிகம்.

2020 மார்ச் 25 ஊரடங்கு வந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். இந்தக் குடியிருப்புகளின் உயிரே பொது உணவுக்கூடம்தான். மூன்று வேளையும் ஒரே சமையல், ஒரே ஹால். காலை டிபனுக்கு வராதவரை மற்றவர்கள் தேடிப் போய்க் கதவைத் தட்டுவார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு மகனோடு மனத்தாங்கல் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அதை மூடிவிட்டு, டிபன் கேரியரை வாசற்படியில் வைத்து மணியடித்துவிட்டுப் போனார்கள். வேறு வழியும் இல்லை.

வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அவரவர் திண்ணையில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தார்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பேச்சு ஓடியது. ரசத்தில் உப்பு இல்லை என்று ஒருவர் சொல்ல, எதிர்த் திண்ணையிலிருந்து ஒருவர் ஆமாம் போட, மாலையில் விஷ்ணு சகஸ்ரநாமம்கூடத் திண்ணைக்குத் திண்ணை நடந்தது. பிளாக்கில் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். நடைக்கு வந்தால் எதிர்வீட்டுக்காரர் மூச்சுக்காற்று, அதனால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் பிளாக்கில். பெரியப்பாவுக்கு ஏற்கெனவே மறதி லேசாக இருந்தது. அந்த மாதங்களில் அது வேகமாக வளர்ந்தது. பேச ஆளில்லாததால் வந்ததென்று நான் மருத்துவம் பேசவில்லை. ஆனால் பேச்சு குறையக் குறைய அவருக்குப் பெயர்கள் நழுவிப்போனதைப் பெரியம்மா தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

"நோவு வந்தா ரெண்டு வாரத்துல தெரிஞ்சு போயிரும் கண்ணு, பொழைக்கறமா இல்லியான்னு. இது தெரியவே மாட்டேங்குது" என்றார் போனில்.

பெரியப்பா 2022இல் காலமானார். கொரோனாவால் அல்ல. பெரியம்மா அதற்குப் பிறகு காத்திருந்து வரிசை வீடு ஒன்றுக்கு மாறிக்கொண்டார். அறை சின்னது. ஏசி கிடையாது. திண்ணை உண்டு.

கொரோனா காலத்தில் முதியவர்களை இரண்டு ஆபத்து சூழ்ந்தது. ஒன்று, பக்கத்தில் ஆள் இருப்பதால் வருவது. மற்றது, பக்கத்தில் ஆள் இல்லாததால் வருவது. அறிக்கைகள் முதலாவதைப் பற்றி நிறையப் பேசின. இரண்டையும் ஒரே சமயத்தில் தாங்கியது அந்தத் திண்ணை. மேலே கூரை, மூன்று பக்கமும் திறந்த வெளி, ஆறடிக்கு அப்பால் ஒரு மனித முகம். மற்ற நாடுகளில் இதையே தேடித் தவித்தார்கள். நெதர்லாந்தில் முதியோர் இல்லத்து வளாகத்தில் கண்ணாடி அறை வைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் தாய். இத்தாலியில் பிளாஸ்டிக் திரைக்குள் கை நுழைத்துக் கட்டியணைக்க ஓர் அறை. அந்தப் படங்களைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். நம் கொங்குத் தொட்டிக்கட்டு வீட்டில் திண்ணையும் ஆசாரமும் நடுவில் வானம் பார்த்த வாசலும் ஏற்கெனவே இருந்தன. அதையெல்லாம் இடித்துவிட்டு லிஃப்ட் வைத்தோம். பழைய வீட்டில் எல்லாமே நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. உயரமான வாசற்படியும் வழுக்குகிற கல் தரையும் கொல்லைப்புறக் கழிப்பறையும் முழங்கால் போன அப்பத்தாக்களை என்ன பாடுபடுத்தின என்று கூடவே இருந்து பார்த்தவன். சாய்வுப் பாதையும் கைப்பிடியும் சக்கர நாற்காலி நுழையும் கதவும் வேண்டும். அவற்றோடு காற்றும் திண்ணையும் வேண்டும்.

அடிக்கடி போய்வருவதால் அந்தப் பக்கத்தில் புதிதாக எழும் குடியிருப்புகளையும் எட்டிப் பார்க்கிறேன். சில இடங்களில் பாடம் உண்மையாகவே ஏறியிருக்கிறது. ஒரே பெரிய உணவுக்கூடத்துக்குப் பதிலாக மூன்று நான்கு சின்னக் கூடங்கள், இரண்டு பக்கம் சுவரே இல்லாமல் தாழ்வாரமாக. கிளினிக்குக்கு வெளியிலிருந்தே தனி வழி, காய்ச்சல்காரர் மற்றவர்களைக் கடந்து போக வேண்டியதில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் பார்வையாளர் மண்டபம், நாளைக்கே மறுபடியும் ஊரடங்கு வந்தாலும் பிள்ளைகள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பேசலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல், அதில் நல்ல கொசுவலை. கொசுவலையைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வலை இல்லாத ஜன்னலை எந்த முதியவரும் ஆறு மணிக்கு மேல் திறந்துவைக்க மாட்டார். திறக்காத ஜன்னல் சுவர்தான்.

ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் மாட்டுகிற ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறைக்குள் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. முப்பது பேர் உட்கார்ந்து பஜனை பாடுகிற ஹாலில் ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டால், ஒருவர் விட்ட மூச்சைத்தான் இன்னொருவர் இழுக்கிறார். சந்தேகமாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் என்று கையடக்கமாக விற்கிறது, வாங்கிப் பாருங்கள். வெளியே 420 அளவில் காட்டும். ஆட்கள் நிறைந்த அறையில் 800க்குள் நின்றால் நல்ல காற்றோட்டம். கதவைச் சாத்தி ஏசி ஓடும் கூடத்தில் 2,000த்தைத் தாண்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, விளம்பரப் புத்தகத்தில் படமே வராத ஓர் இடம்: பணியாளர்கள் தூங்கும் அறை. கிர்க்லாண்டில் தொற்று பரவியதற்கு, ஒரே ஊழியர் பல இல்லங்களில் வேலை செய்ததும் ஒரு காரணம் என்று கண்டார்கள். கனடாவில் ஓர் ஊழியர் ஓர் இல்லத்தில்தான் வேலை செய்யலாம் என்று ஆணையே போட்டார்கள். இங்கே ஊரடங்கில் சமையல்காரர்களும் ஆயாக்களும் வீட்டுக்குப் போகாமல் வளாகத்துக்குள்ளேயே தங்கி முதியவர்களைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குக் கொடுத்த இடம் பல இடங்களில் ஸ்டோர் ரூம். பனியன் கம்பெனி ஹாஸ்டல்களைப் பார்த்து வளர்ந்த ராயபுரத்துக்காரனுக்கு இது புரியாமல் இருக்காது. ஓர் அறையில் பத்துப் பெண்களைப் படுக்க வைத்துவிட்டு, அவர்கள் குளிப்பாட்டுகிற பாட்டியின் அறைக்கு மட்டும் நல்ல ஜன்னல் வைத்தால் பாட்டிக்கும் பாதுகாப்பில்லை, அந்தப் பெண்களுக்கும் இல்லை.

கடைசியாக, பணம் கட்டி வீடு வாங்க முடியாதவர்கள். எனக்கு உண்மையில் வலிப்பது இந்த இடத்தில்தான்.

இந்த ஊரின் பனியனைத் தைத்தவர்களுக்கு வயதாகிவிட்டது. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து இளவயதில் வந்து, ஒன்றரை ஷிஃப்ட் பார்த்து, கண்ணும் முதுகும் போன டெய்லர்களும் செக்கிங் அம்மாக்களும் இன்றைக்கு லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ஒட்டி ஒட்டிப் பத்து வீடு, ஆளுக்கு ஓர் அறை, முன்பக்கம் ஒரு கதவும் ஜன்னலும், பின்சுவர் அடுத்தவருக்குச் சொந்தம். காற்று வருகிற வழி உண்டு, போகிற வழி கிடையாது. 2021இல் அந்த அறைக்குள் காய்ச்சல்காரரைத் தனிமைப்படுத்தச் சொன்னார்கள். பி.எஃப். பிடித்தவர்களுக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியமாக 2014இல் வைத்தது மாதம் 1,000 ரூபாய். பி.எஃப். இல்லாதவர்களுக்கு அரசின் முதியோர் உதவித்தொகை, 2023இல் உயர்த்திய பிறகு, 1,200. இவர்களுக்கு வடவள்ளி வில்லா எதற்கு ஆகும்?

இவர்களுக்காகச் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, ஆதரவற்ற முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது மாநில அரசு அமைக்கலாம், அதில் குறைந்தது 150 பேர் தங்க இடம் வேண்டும் என்கிறது. கொரோனாவுக்கு 13 வருஷம் முன்னால் எழுதிய எண் அது. 150 பேரை ஒரே கூரையின் கீழ் வைத்தால் என்ன ஆகும் என்பதை இப்போது பார்த்துவிட்டோம்.

இதற்கு மாற்றாகவும் ஒரு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் பில் தாமஸ் என்ற மருத்துவர் தொடங்கிய 'கிரீன் ஹவுஸ்' வீடுகளில் பத்துப் பன்னிரண்டு முதியவர்கள்தான் இருப்பார்கள். முதல் வீடுகள் 2003இல் மிசிசிப்பி மாநிலத்தில் வந்தன. ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு குளியலறை, நடுவில் ஒரு சமையலறை, எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஒரு நீள மேசை, அந்த வீட்டுக்கென்றே சில பணியாளர்கள். கொரோனாக் காலத்தில் வழக்கமான பெரிய இல்லங்களோடு ஒப்பிட்டபோது தொற்றும் இறப்பும் இந்த வீடுகளில் குறைவாக இருந்தன. பூட்டிய நாட்களிலும் பன்னிரண்டு பேர் ஒரு குடும்பமாக இருந்தார்கள்.  2004 சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் ஹெல்ப்ஏஜ் இந்தியா தாமரைக்குளம் என்று முதியோருக்காக ஒரு கிராமத்தையே அமைத்தது. பேரிடர் முடிந்த கையோடு வயதானவர்களுக்காகப் புதிதாக யோசிக்க நம் மாநிலத்துக்குத் தெரியும்.

சட்டம் சொல்லும் 150 பேரைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தால் பதின்மூன்று வீடு. ஒரே வளாகத்தில் இருக்கலாம், ஊருக்குள் அங்கங்கே இருந்தால் இன்னும் நல்லது. ராயபுரத்தில் ஒன்று இருந்தால், ஓய்வு பெற்ற ஒரு டெய்லர் தான் வாழ்ந்த வீதியிலேயே, தெரிந்த டீக்கடைக்குப் பக்கத்திலேயே கடைசி வருஷங்களைக் கழிப்பார். 2020இல் ஏற்றுமதி ஆர்டர் நின்றபோது, முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைத்துக் கொடுத்த ஊர் இது. ஒரு வீடு கட்டுவது இந்த ஊருக்குப் பெரிய காரியமில்லை. கம்பெனி நடத்துகிற நண்பர்கள் பலர் இந்தப் பதிவுகளைப் படிக்கிறீர்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறீர்கள். இடம் இருப்பவர் இடம் கொடுங்கள், முடிந்தவர் கட்டிக் கொடுங்கள், மாநகராட்சியிடமும் ஆட்சியரிடமும் சேர்ந்து போய்க் கேட்போம். வரைபடம் போடும்போது இரண்டு சுவரில் ஜன்னலும், முன்னால் திண்ணையும், வேலை செய்கிறவர்களுக்கு நல்ல அறையும் இருக்கட்டும்.

வருகிற ஞாயிறு கோவைக்கு வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு: மாடல் வீட்டை மத்தியானம் இரண்டு மணிக்குப் பாருங்கள், ஏசியை அணைக்கச் சொல்லுங்கள், எல்லா ஜன்னலையும் நீங்களே திறந்து பத்து நிமிஷம் உட்காருங்கள். ஆயாக்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்டு அந்த அறையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.